எடிட்டரின் பெட்டிகளில் கிடைத்த கார்வர்

அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் கதைகளைத் தேடிப் படிப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் குழப்பம் வந்தே தீரும். 1981ல் வந்த அவருடைய தொகுப்பில் 'தி பாத்' என்றொரு சின்னக் கதை இருக்கிறது. பிறந்தநாளன்று காரில் அடிபட்டு மருத்துவமனையில் கிடக்கும் சிறுவன். கண் விழிப்பானா என்று காத்திருக்கும் பெற்றோர். யாரும் வந்து வாங்கிப் போகாத பிறந்தநாள் கேக்குக்காக வீட்டுக்குப் போன் அடித்துக்கொண்டே இருக்கும் பேக்கரிக்காரர். குளித்துவிட்டு வரலாம் என்று அம்மா வீட்டுக்கு வருகிறாள். போன் அடிக்கிறது. எடுக்கிறாள். கதை அங்கேயே அறுந்துவிடுகிறது. பையன் பிழைத்தானா, பேசியது யார், ஒன்றும் தெரியாது.

1983ல் வந்த 'கதீட்ரல்' தொகுப்பில் அதே சிறுவன், அதே கேக், அதே போன். ஆனால் கதை பல மடங்கு நீளம். சிறுவன் இறந்துபோகிறான். துக்கமும் ஆத்திரமுமாகப் பெற்றோர் ராத்திரியோடு ராத்திரியாகப் பேக்கரிக்கே போய் நிற்கிறார்கள். பேக்கரிக்காரர் அவர்களை உட்காரவைத்து, மன்னிப்புக் கேட்டு, சூடான ரொட்டியைச் சாப்பிடக் கொடுக்கிறார். விடியும்வரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். தலைப்பும் வேறு: 'எ ஸ்மால், குட் திங்'. 2009ல் வந்த 'பிகினர்ஸ்' என்ற புத்தகத்திலும் இந்தக் கதை உண்டு. அது நீளமான வடிவத்தை ஒட்டியது, ஆனால் வரிக்கு வரி அதே இல்லை.

சின்னக் கதையை முதலில் எழுதி, பிறகு மனம் கனிந்து விரித்து எழுதினார் என்றுதான் அந்தக் காலத்து விமர்சகர்கள் பலர் நினைத்தார்கள். நடந்தது தலைகீழ். நீளமான கதைதான் முதலில் எழுதப்பட்டது, குட்டைக் கதை அதிலிருந்து வெட்டி எடுத்தது. வெட்டியவர் கார்வர் இல்லை, அவருடைய எடிட்டர் கார்டன் லிஷ். இதை இன்று ஆதாரத்தோடு சொல்ல முடிவதற்குக் காரணம், லிஷ் தன்னிடமிருந்த காகிதங்களை எல்லாம் 1991ல் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு விற்றதுதான்.

அந்தப் பெட்டிகளில் என்ன இருந்தது, அதை வைத்து எதை நிரூபிக்கலாம், எதை நிரூபிக்க முடியாது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் ஆட்கள்

கார்வர் 1938ல் ஆரெகன் மாநிலத்தில் பிறந்தவர். ஏழைக் குடும்பம், சிறு வயதில் திருமணம், கிடைத்த வேலை எல்லாம் பார்த்தவர், வருடக்கணக்கில் குடி. 1977 ஜூனில் குடியை நிறுத்தினார். 1988 ஆகஸ்டில், ஐம்பது வயதில் இறந்தார். இந்த இரண்டு தேதிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடிதங்களைப் படிக்கும்போது தேவைப்படும்.

கார்டன் லிஷ் 1934ல் பிறந்தவர். எடிட்டர் என்றுதான் அவரை எல்லோருக்கும் தெரியும் என்றாலும் அவரும் எழுத்தாளர்: 'டியர் மிஸ்டர் கபோட்டி' (1983), 'பெரு' (1986) என்று நாவல்கள், கூடவே சிறுகதைகள். 1960களில் 'ஜெனிசிஸ் வெஸ்ட்' என்ற சிறுபத்திரிகையை நடத்தினார். 1969ல் 'எஸ்குயர்' இதழின் புனைகதை எடிட்டர் ஆனார். 1977ல் நாஃப் பதிப்பகத்துக்குப் போனார். 1987 முதல் 'தி குவார்ட்டர்லி' என்ற இலக்கிய இதழும் நடத்தினார். இதற்கு நடுவில் எழுத்து வகுப்புகள் வேறு. 'கேப்டன் ஃபிக்‌ஷன்' என்று பட்டப்பெயர் வந்தது சும்மா இல்லை.

இருவரும் அறிமுகமானது 1960களின் பிற்பகுதியில், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில். இருவருக்குமே அப்போது பாடநூல் சம்பந்தப்பட்ட வேலை. லிஷ் நியூயார்க் போனதும் நண்பரின் கதைகளுக்குக் கதவு திறந்தது. 1971ல் 'நெய்பர்ஸ்' எஸ்குயரில் வெளியானது கார்வர் வாழ்க்கையில் பெரிய திருப்பம். அதிலேயே லிஷின் பேனா வேலை செய்திருந்தது.

எடிட்டர் என்றால் எந்த எடிட்டர்?

தமிழில் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நாம் கொஞ்சம் தடுமாறுவோம். பத்திரிகை ஆசிரியரும் எடிட்டர், பழைய சுவடிகளை ஒப்பிட்டு அச்சேற்றும் பதிப்பாசிரியரும் எடிட்டர், பலருடைய கதைகளைச் சேர்க்கும் தொகுப்பாசிரியரும் எடிட்டர். இங்கே பேசுவது நான்காவது வகை: எழுத்தாளர் கொடுத்த பிரதியைக் கையில் எடுத்து, வரி வரியாகத் திருத்தி, தேவையில்லை என்று தோன்றுவதை நீக்கி, சில இடங்களில் தானே ஒரு சொல்லையோ வாக்கியத்தையோ சேர்ப்பவர்.

அமெரிக்கப் பதிப்புலகில் இது ரொம்ப நாளாக இருக்கும் வேலைதான். டி.எஸ். எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' கவிதையை எஸ்ரா பவுண்ட் எவ்வளவு வெட்டினார் என்பதும் இப்படிக் காகிதம் வழியாகத்தான் தெரிந்தது. அந்தக் கையெழுத்துப் படி நியூயார்க் பொது நூலகத்தில் இருப்பது 1968ல் வெளியே வந்தது, 1971ல் நகல் பதிப்பாக அச்சானது. ஆனால் எலியட் அந்தக் கவிதையைப் பவுண்டுக்கே சமர்ப்பித்திருந்தார், ஒளிவு மறைவு இல்லை. லிஷ் விஷயத்தில் சத்தம் பெரிதானதற்குக் காரணம் வெட்டின் அளவு மட்டும் இல்லை. 'கார்வர் நடை' என்று உலகம் கொண்டாடிய சிக்கனத்தில் பெரும்பங்கு வெட்டியவருடையது, அதை வெளியே யாரும் சொல்லவில்லை என்பதுதான்.

'காகிதங்கள்' என்ற சேகரம் எப்படி இருக்கும்?

ஆவணக் காப்பகத்தில் ஒருவருடைய 'பேப்பர்ஸ்' என்றால் அவர் எழுதி வெளியிட்ட புத்தகங்கள் இல்லை. புத்தகத்துக்குப் பின்னால் சேர்ந்த எல்லாம்: கடிதங்கள், கார்பன் காப்பிகள், தட்டச்சுப் படிகள், மெய்ப்புத் தாள்கள், ஒப்பந்தங்கள், குறிப்பேடுகள், சில நேரம் மளிகைச் சீட்டுகூட. எடிட்டருடைய சேகரத்தில் ஒரு விசேஷம் உண்டு. அதில் பாதிக்கு மேல் அடுத்தவர் எழுத்து. அவருக்கு வந்த கடிதங்கள், அவர் திருத்திய பிரதிகள். ஓர் எழுத்தாளரின் சேகரத்தைத் திறந்தால் ஒருவரைப் பார்க்கலாம், எடிட்டரின் சேகரத்தைத் திறந்தால் ஒரு தலைமுறையே உட்கார்ந்திருக்கும்.

லிஷின் காகிதங்கள் இருப்பது இந்தியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்தில், ப்ளூமிங்டன் ஊரில். 1960ல் திறந்த அரிய நூல் நூலகம் அது. இப்படிப்பட்ட இடங்களில் இரண்டு விதிகள் முக்கியம்.

1. ஒருவரிடமிருந்து வந்த சேகரத்தை இன்னொருவருடையதோடு கலக்கக் கூடாது. லிஷ் பெட்டியில் இருக்கும் கார்வர் கடிதத்தை எடுத்து 'கார்வர்' என்று தனியாக வைக்க மாட்டார்கள். யார் கையில் இருந்து வந்தது என்பதே ஒரு தகவல்.

2. அவர் வைத்திருந்த வரிசையை முடிந்தவரை கலைக்கக் கூடாது. ஒரே கதையின் இரண்டு பிரதிகள் ஒரே உறையில் இருந்தால், அந்தப் பக்கத்துப் பக்க இருப்பே ஏதோ சொல்கிறது.

பெட்டி, அதற்குள் உறை, எந்த உறையில் என்ன என்று சொல்லும் ஒரு விவரப் பட்டியல். வருகிறவர் பட்டியலைப் பார்த்துப் பெட்டியைக் கேட்க வேண்டும். பேனாவுக்கு அனுமதி கிடையாது, பென்சில்தான். முக்கியமான சங்கதி என்னவென்றால், பட்டியல் உறை மட்டத்தோடு நின்றுவிடும். 'இந்தப் படியில் எடிட்டர் கடைசி ஐந்து பக்கத்தைக் கிழித்தெறிந்தார்' என்று எந்தப் பட்டியலும் எழுதி வைக்காது. யாராவது நேரில் போய்ப் புரட்ட வேண்டும். லிஷ் காகிதங்கள் 1991ல் நூலகத்துக்கு வந்தன, விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்ததோ 1998ல், டி.டி. மேக்ஸ் என்ற பத்திரிகையாளர் அங்கே போய்ப் படித்துவிட்டு 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் எழுதியபோது. ஏழு வருடம் உண்மை அலமாரியில் கிடந்தது, யாரும் மறைக்கவில்லை.

ஏன் விற்கிறார்கள், சும்மா கொடுக்கக் கூடாதா?

இதற்கு வரிச் சட்டம் ஒரு காரணம். 1969 வரை அமெரிக்க எழுத்தாளர் தன் கையெழுத்துப் படிகளை நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால் அதன் சந்தை மதிப்பை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அந்த வருடம் வந்த வரிச் சீர்திருத்தச் சட்டம் அதை நிறுத்தியது. அதற்குப் பிறகு படைத்தவர் தானே கொடுத்தால் கழிவு காகிதத்துக்கும் மைக்கும் ஆன செலவு அளவுக்குத்தான். சும்மா கொடுப்பதில் லாபம் இல்லை என்றானதும் பலர் விற்கத் தொடங்கினார்கள்.

விற்கும்போது ஒரு பக்க விளைவு உண்டு. எதை வைப்பது, எதை எடுத்துவிடுவது என்பதை விற்பவர்தான் முடிவு செய்கிறார். ஆகவே எந்தச் சேகரமும் நடுநிலையான சாட்சி இல்லை. லிஷுக்குத் தன் பங்கு வெளியே தெரிய வேண்டும் என்ற ஆதங்கம் இருந்தது, நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களிலேயே அது வெளிப்பட்டது. அந்த ஆதங்கம் உள்ள மனிதர் தன் பேனாக்குறிகள் நிறைந்த தாள்களைப் பத்திரமாக வைத்திருந்து விற்றார். தாள்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவை யார் வீட்டிலிருந்து வந்தன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கார்வரின் காகிதங்களில் ஒரு பகுதி ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. முழுக்கதை வேண்டும் என்றால் இரண்டு ஊருக்கும் போகத்தான் வேண்டும்.

ஒரு தாளில் எத்தனை அடுக்கு?

இப்போது ஒரு தாளைக் கிட்டத்தில் பார்ப்போம்.

அடியில் இருப்பது கார்வர் தந்த தட்டச்சு. தட்டச்சு எழுத்து காகிதத்தில் பள்ளமாகப் பதியும், அதனால் மேலே அடித்தாலும் பெரும்பாலும் படிக்க முடியும். அதன் மேல் லிஷின் கை: குறுக்கே ஒரு கோடு, ஒரு பத்திக்கு மேல் பெரிய பெருக்கல் குறி, ஓரத்தில் எழுதிய புதுச் சொல், சில இடங்களில் கருப்பு மார்க்கரால் அடியோடு பூசிய வரி. இப்படிக் குத்திக் கிழித்த தாளை அப்படியே அச்சகத்துக்கு அனுப்ப முடியாது. அதனால் அதைப் பார்த்துப் புதிதாகத் தட்டச்சு செய்வார்கள். அந்தப் புதுப் படியில் வெட்டின தழும்பே தெரியாது, பார்க்கச் சுத்தமாக இருக்கும். அதன் மேல் லிஷ் மறுபடி ஒரு சுற்று.

ஆக ஒரு கதைக்கு மூன்று நிலைகள்: கார்வர் கொடுத்தது, முதல் வெட்டுக்குப் பின், இரண்டாம் வெட்டுக்குப் பின். சங்க இலக்கியப் பதிப்புகளில் பாடபேதம் என்று சொல்வோமே, அதேதான். என்ன, அங்கே ஏடு பெயர்த்து எழுதியவர்கள் கையில் தலைமுறை தலைமுறையாக மாறியது, இங்கே ஒரே வருடத்தில் ஒரே மேசையில் மாறியிருக்கிறது.

1981 தொகுப்பின் பெயர் 'வாட் வீ டாக் அபவுட் வென் வீ டாக் அபவுட் லவ்'. மொத்தம் 17 கதைகள். வில்லியம் ஸ்டல், மொரீன் கேரல் என்ற இரு ஆய்வாளர்கள் லில்லி நூலகத்துத் தாள்களில் லிஷின் கோடுகளுக்கு அடியில் இருந்த தட்டச்சை எழுத்து எழுத்தாகப் படித்து மீட்டார்கள். அவர்கள் கணக்குப்படி மொத்தப் பிரதியில் பாதிக்கு மேல் போயிருந்தது. பேக்கரிக் கதையில் 78 சதவீதம். தலைப்புக் கதையே கார்வர் பிரதியில் 'பிகினர்ஸ்', காதல் விஷயத்தில் நாம் எல்லோருமே கற்றுக்குட்டிகள் என்ற பொருளில். அதை எடுத்துவிட்டு, கதைக்குள் இருந்த பேச்சிலிருந்து நீளமான புதுத் தலைப்பை வைத்தவர் லிஷ். அந்தக் கதையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து குடித்தபடி பேசும் இதய டாக்டரின் பெயர் கார்வர் பிரதியில் ஹெர்ப். அச்சில் வந்தபோது மெல். பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை. மற்ற பல கதைகளின் தலைப்பும் இதே கதிதான்.

வெட்டு எந்தத் திசையில் போனது என்பதுதான் கவனிக்க வேண்டியது. பாத்திரங்கள் மனம் விட்டுப் பேசும் இடம், அழும் இடம், மன்னிக்கும் இடம், ஏன் இப்படி ஆனான் என்று விளக்கும் முன்கதை, இவை குறி வைத்து நீக்கப்பட்டன. மிஞ்சியது ஒரு குளிர்ச்சி, ஒரு மௌனம், அறுந்த முடிவு. விமர்சகர்கள் 'மினிமலிசம்' என்று பெயர் வைத்தார்கள். கார்வருக்கு அந்தப் பெயர் கடைசிவரை பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பது பெட்டி திறந்த பிறகுதான் விளங்கியது.

1980 ஜூலை: ஒரு கடிதம்

பிரதியை ஒப்படைத்தபோது கார்வர் கைவைக்காதே என்று சொல்லவில்லை. கதைகளைத் திருத்த லிஷுக்குத் தாராளமாகவே இடம் கொடுத்தார். முந்தைய வருடங்களிலும் திருத்தங்களுக்கு நன்றி சொல்லித்தான் எழுதிவந்தார். இதை விட்டுவிட்டுப் பேசுபவர்கள் லிஷை வில்லன் ஆக்கிவிடுகிறார்கள்.

ஆனால் இரண்டாம் சுற்று முடிந்த படி வந்தபோது அவர் ஆடிப்போனார். 1980 ஜூலை 8, காலை 8 மணி என்று நேரத்தோடு குறிப்பிட்டு ஒரு நீளமான கடிதம். ராத்திரி முழுக்கத் தூங்காமல் எழுதியது. முதலில் லிஷைப் புகழ்கிறார், நன்றி சொல்கிறார், தனக்குச் செய்ததற்கெல்லாம் கடன்பட்டிருப்பதாகச் சொல்கிறார். பிறகு விஷயத்துக்கு வருகிறார். புத்தகத்தை நிறுத்திவிடு. இந்தக் கதைகளின் முந்தைய வடிவத்தைத் தன் நண்பர்கள் சிலர் ஏற்கெனவே படித்துவிட்டார்கள், அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? இந்த வடிவத்தில் வந்தால் தன்னால் இனி எழுதவே முடியாமல் போகலாம், மீண்டு வந்த மனநிலையே கலைந்துவிடும் என்று பயப்படுகிறார். குடியை நிறுத்தி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது எழுத்தாளரின் வழக்கமான கோபமாகத் தெரியாது.

அடுத்து நடந்ததுதான் புரியாத புதிர். சில நாட்களிலேயே கார்வரிடமிருந்து இன்னொரு கடிதம் வருகிறது. தொனி அடியோடு மாறியிருக்கிறது. புத்தகம் வரப்போவதில் மகிழ்ச்சி, இந்த இந்த இடங்களை மட்டும் மறுபடி சேர்க்க முடியுமா பார், என்கிற மாதிரி. புத்தகம் 1981ல் பெரும்பாலும் லிஷ் விரும்பிய வடிவத்திலேயே வந்தது, பெரிய பெயரும் வாங்கித் தந்தது. இடையில் என்ன நடந்தது? ஒப்பந்தத்தைப் பற்றிய பயமா, நன்றிக்கடனா, களைப்பா? ஃபோனில் பேசியிருந்தால் அது எந்தப் பெட்டியிலும் இருக்காது. ஜூலை 8க்கும் அடுத்த கடிதத்துக்கும் நடுவில் காகிதத்தில் இருப்பது ஒரு வெற்றிடம், அதில் அவரவர் தங்கள் கட்சியை நிரப்பிக்கொள்கிறார்கள்.

பிற்பாடு கார்வர் உறுதியாக நின்றார். 'கதீட்ரல்' தொகுப்பு தயாரானபோது, இந்தத் தடவை அந்த மாதிரி அறுவைச் சிகிச்சைக்குத் தன்னால் உட்பட முடியாது என்று 1982ல் லிஷுக்கு எழுதினார். நினைத்தபடியே வெளியிட்டார். 'எ ஸ்மால், குட் திங்' 1983ல் ஓ. ஹென்றி விருதுத் தொகுப்பில் முதல் பரிசு பெற்றது.

பெட்டி எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை

1. எந்த வரி யாருடையது என்பது பெருமளவு நிரூபணம். தட்டச்சு கார்வருடையது, பேனா லிஷுடையது. இதில் இனி வாதத்துக்கு இடமில்லை.

2. சம்மதம் இருந்ததா என்பது நிரூபணம் ஆகவில்லை. இருந்தது, இல்லை, மறுபடி இருந்தது என்று காகிதமே மாறி மாறிச் சொல்கிறது.

3. எந்த வடிவம் நல்ல கதை என்பதற்கும் காகிதத்துக்கும் சம்பந்தமே இல்லை. முதலில் எழுதியதுதான் உயர்ந்தது என்று நினைப்பது ஒரு மூடநம்பிக்கை. பேக்கரிக் கதையில் கார்வர் பக்கம் நிற்கத் தயங்க வேண்டியதில்லை, அந்த ரொட்டி இல்லாமல் அது பாதிக் கதை. ஆனால் தலைப்புக் கதையின் முழு வடிவத்தைப் படித்தால் லிஷ் வெட்டிய சில பக்கங்கள் போனதே நல்லது என்று தோன்றும்.

4. கார்வரின் கடைசி முடிவு என்ன? இதற்கு நூலகம் போக வேண்டாம், 1988ல் அவரே தேர்ந்தெடுத்த 'வேர் அய்ம் காலிங் ஃப்ரம்' தொகுப்பைப் பார்த்தால் போதும். பேக்கரிக் கதையை நீள வடிவத்தில் வைத்தார். 'சோ மச் வாட்டர் சோ க்ளோஸ் டு ஹோம்' கதையையும் அப்படியே. ஆனால் 1981 தலைப்புக் கதை, 'கஸீபோ', 'ஒன் மோர் திங்' போன்றவற்றை லிஷ் வடிவிலேயே விட்டுவிட்டார். மாற்ற வாய்ப்பு இருந்தும் மாற்றவில்லை. பிடித்திருந்ததா, பிரபலமான வடிவத்தைக் கலைக்கத் தயங்கினாரா, தெரியாது. அந்த வருடமே இறந்துவிட்டார்.

நான்காவதைத்தான் இரண்டு கட்சிக்காரர்களும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

தாள் நூலகத்துடையது, சொல் யாருடையது?

இவ்வளவு ஆதாரம் கையில் இருந்தும் முழுக்கதைகள் அச்சில் வர 2009 ஆனது ஏன்? அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு அடிப்படை விதி: கடிதத்தின் தாள் பெற்றவருக்குச் சொந்தம், அதிலுள்ள வார்த்தைகள் எழுதியவருக்குச் சொந்தம். லிஷ் தாளை விற்கலாம், கார்வரின் சொற்களை விற்க முடியாது. நூலகம் காட்டலாம், அச்சிட அனுமதி தர முடியாது. அனுமதி வேண்டியது எழுத்தாளரிடம், அவர் இல்லாவிட்டால் வாரிசிடம். கார்வர் விஷயத்தில் அது அவருடைய மனைவி, கவிஞர் டெஸ் கேலகர். எழுதியவர் இறந்து 70 வருடம் வரை உரிமை நீடிக்கும். கார்வருக்கு அது 2058 முடிய.

இதில் பெரிய வழக்கு ஜே.டி. சாலிஞ்சருடையது. அவருடைய பழைய கடிதங்கள் ஹார்வர்ட், பிரின்ஸ்டன், டெக்சஸ் பல்கலைக்கழக நூலகங்களில் யாரும் படிக்கும்படி இருந்தன. அவற்றை எடுத்தாண்டு இயன் ஹாமில்டன் வாழ்க்கை வரலாறு எழுதப்போக, சாலிஞ்சர் வழக்குத் தொடர்ந்தார். 1987ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாலிஞ்சர் பக்கம் நின்றது. ஆய்வாளர்கள் அரண்டுபோனார்கள். 1992ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தது: ஒரு எழுத்து வெளியாகாதது என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான பயன்பாட்டை, அதாவது அனுமதி கேட்காமல் ஓரளவு எடுத்தாளும் உரிமையை, மறுத்துவிட முடியாது. கொஞ்சம் மூச்சு வந்தது, அவ்வளவுதான்.

இந்தச் சட்டத்தை லிஷே பயன்படுத்தியிருக்கிறார் என்பது வேடிக்கை. தன் வகுப்பு மாணவர்களுக்கு அவர் அனுப்பிய கடிதத்தை 'ஹார்ப்பர்ஸ்' இதழ் அனுமதி கேட்காமல், அதுவும் சுருக்கி, வெளியிட்டது. அவர் வழக்குப் போட்டார், 1992ல் பதிப்புரிமை மீறல்தான் என்று தீர்ப்பு வந்தது. தன் எழுத்தை அடுத்தவர் வெட்டினால் எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

சரி, இவ்வளவு வெட்டிச் சேர்த்தவருக்குக் கதையில் பங்கு உண்டா? சட்டம் கையை விரிக்கும். 'ரென்ட்' இசை நாடகத்தை உருவாக்க உதவிய லின் தாம்சன் கூட்டு ஆசிரியர் உரிமை கேட்ட வழக்கில் 1998ல் வந்த தீர்ப்பு இதுதான்: கணிசமாக எழுதிக் கொடுத்திருந்தாலும், இருவரும் சேர்ந்து கூட்டு ஆசிரியர்களாக இருப்போம் என்ற எண்ணம் இரண்டு பக்கமும் இருந்திருக்க வேண்டும். கார்வருக்கும் லிஷுக்கும் நடுவில் அப்படி ஓர் எண்ணம் இருந்ததாக எந்தத் தாளிலும் இல்லை.

2007 டிசம்பரில் 'நியூயார்க்கர்' இதழ் 'பிகினர்ஸ்' கதையையும் சில கடிதங்களையும் வெளியிட்டது. 2009ல் 'பிகினர்ஸ்' முழுப் புத்தகமாக பிரிட்டனில் வந்தது. அதே வருடம் 'லைப்ரரி ஆஃப் அமெரிக்கா' பதிப்பில் 1981 தொகுப்பும் 'பிகினர்ஸ்' பிரதியும் ஒரே அட்டைக்குள் வந்தன. என்னைக் கேட்டால் செய்ய வேண்டியது இதுதான், இரண்டையும் வைத்துவிட்டு வாசகரிடம் விட்டுவிடுவது.

இனிமேல் இப்படிப் பெட்டி கிடைக்குமா?

சந்தேகம்தான். இப்போது எடிட்டிங் கணினிக் கோப்பில் நடக்கிறது. திருத்தக்குறிகளைக் காட்டும் வசதி உண்டு, ஆனால் 'ஏற்கிறேன்' என்று ஒரு தடவை தட்டினால் எல்லாத் தழும்பும் மறைந்துவிடும். சல்மான் ருஷ்டியின் பழைய கணினிகளை எமரி பல்கலைக்கழகம் வாங்கி, அவற்றின் திரை எப்படி இருந்ததோ அப்படியே 2010ல் வாசகருக்குத் திறந்து வைத்தது. அது நடந்தது ஆசிரியர் பழைய கணினியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால். கருப்பு மார்க்கர் பூசிய வரியை விளக்கடியில் சாய்த்துப் படிக்கலாம். அழித்த கோப்பை எதன் அடியில் சாய்ப்பது?

கையில் இருப்பது எந்த வடிவம்?

கார்வரை ஆங்கிலத்தில் படித்தாலும் மொழிபெயர்ப்பில் படித்தாலும் இது தெரிந்திருப்பது நல்லது. மொழிபெயர்ப்புகளில் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்று பலர் குறிப்பிடுவதில்லை. 'ஒன் மோர் திங்' கதையின் கடைசி வரியைப் பார்த்தால் போதும். குடிகாரக் கணவனை மனைவியும் மகளும் வீட்டை விட்டுப் போகச் சொல்கிறார்கள். பெட்டியைக் கட்டிவிட்டு வாசலில் நின்று, இன்னும் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும் என்கிறான். லிஷின் வடிவத்தில் அது என்ன என்று அவனுக்கே தோன்றவில்லை, கதை அங்கே நின்றுவிடுகிறது. கார்வர் தட்டச்சு செய்த வடிவத்தில் அவன் வாயைத் திறந்து சொல்லிவிடுகிறான்: உங்கள் இரண்டு பேர் மேலும் எனக்குப் பிரியம், என்ன நடந்தாலும்.